அமைதி அறையில் தூங்கியவள்

தொலைந்த பெட்டிகளுக்கான கவுண்டரில் உட்கார்ந்திருந்தவளை விமான நிலையம் முழுக்கப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே சொன்னார்கள். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பயணிகள் கூப்பிடும் விதத்தோடு ஒப்பிட்டால் அது பட்டம் சூட்டியது மாதிரி.

பெட்டி வராதவர்கள் பேசுவதைக் கேட்டால், அந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்ததும் அவள்தான், நடு வானத்தில் கதவைத் திறந்து பெட்டியைத் தள்ளிவிட்டதும் அவள்தான் என்று தோன்றும். நன்றாகப் படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், விமானத்துக்குள் பணிப்பெண்ணிடம் தண்ணீர் கேட்கும்போதுகூடத் தேன் ஒழுகப் பேசியிருக்கக்கூடியவர்கள், அவள் முன்னால் வந்து நின்றதும் வாயில் வந்ததை எல்லாம் கொட்டுவார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருப்பித் தரவேண்டும். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது.

“உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

வருந்துகிறோம் என்ற பன்மையில் வேறு யாரெல்லாம் அடக்கம் என்று அவள் பலமுறை யோசித்ததுண்டு. திரும்பிப் பார்த்தால் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். முன்பு பக்கத்து நாற்காலியில் இன்னொருத்தி இருந்தாள். அவள் வேலையை விட்டுப் போனதும் வேறு ஆள் போடுவார்கள் என்று பெட்டியக்கா காத்திருந்தாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இருந்தும் அவள் அதுவரை தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெட்டிகள் சுற்றிவரும் பெல்டுக்குப் பின்னால், சாமான் தள்ளுவண்டிகளை அடுக்கும் இடத்தை ஒட்டி, ஊழியர்களுக்கு ஓர் அறை இருந்தது. அறை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பஞ்சு பிதுங்கிய ஒரு சோபா, கால் ஆடும் ஒரு மேஜை, வெந்நீர் கொதிக்கவைக்கும் ஒரு கெட்டில், யாரோ மறந்துவிட்டுப் போன இரண்டு குடைகள். சுவரில் ஈரம் ஏறியிருக்கும். ஆனால் அந்தக் கதவைச் சாத்திவிட்டால் பயணி என்கிற ஜென்மமே உலகத்தில் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரு சின்னக் கூட்டம் சேரும். பைகளைக் கதிர் இயந்திரத்தில் பார்க்கும் பெண் வருவாள். அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். நாளெல்லாம் அடுத்தவன் பைக்குள் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, அவளுக்கு மனிதர்கள் மேல் மரியாதையே போயிருந்தது. சக்கர நாற்காலி தள்ளுகிறவன் வருவான். அவன் சக்கரம். நாற்பதைத் தாண்டியவன், கல்யாணம் ஆகாதவன், படுத்த படுக்கையாக இருந்த அப்பாவோடு தனியாக இருந்தான். அவன் பயணிகளைப்போல நடித்துக் காட்டினால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குப் புரை ஏறும். நாற்காலியில் உட்கார்ந்து வந்துவிட்டு, விமானக் கதவைப் பார்த்ததும் எழுந்து ஓடும் ஒரு சீமாட்டியை அவன் செய்து காட்டும்போது, பெட்டியக்கா சோபாவில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரிப்பாள்.

பிறகு பத்திரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போவாள். அன்றைக்கு மீதியிருக்கும் வசவுகளை வாங்க அது போதும்.

அந்த வருஷம் வேலையை விட்டவர்களும் உடம்புக்கு முடியாமல் விடுப்பில் போனவர்களும் அதிகமானார்கள். சாமான் ஏற்றும் ஒருவன் ஓடுபாதைப் பக்கம் நின்றபடியே மயங்கி விழுந்தான். வாயில்காப்பாளர் ஒருவர், கடவுச்சீட்டைக் காட்ட மறுத்த ஆளிடம், “போய்யா, எங்க வேணா போ,” என்று கதவைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் நிர்வாகத்துக்கு ஊழியர்களின் மனசு என்று ஒன்று இருப்பது தெரியவந்தது.

ஊழியர் நல மேலாளர் எல்லோரையும் புறப்பாட்டுக் கூடத்தின் ஓரத்தில் நிற்கவைத்துப் பேசினார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பல்லு சார் என்று பெயர். பற்கள் அழகானவை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆள் குறைப்பைச் சொல்லும்போதும் அவை வெளியேதான் இருக்கும்.

“உங்க மனசு நல்லா இருந்தாத்தான் நம்ம விமான நிலையம் நல்லா இருக்கும்,” என்றார். “அதுக்காக உங்களுக்குன்னே ஒரு அமைதி அறை. அங்க மூச்சுப் பயிற்சி, மனசை ஒருமுகப்படுத்துற பயிற்சி. தலைமையகமே நம்மளைத்தான் முதல்ல தேர்ந்தெடுத்திருக்கு.”

“கவுண்டருக்கு இன்னொரு ஆள் போடுறதா சொன்னீங்களே சார்,” என்றாள் பெட்டியக்கா.

“முதல்ல மனசை லேசாக்குவோம். வேலை தானா லேசாயிடும்.”

“அப்ப பெட்டியும் தானா வந்துடுமா?”

பின்னால் நின்ற சிலர் சிரித்தார்கள். பல்லு சாரும் சிரித்தார். அவருக்கு அது பழக்கம்.

அமைதி அறைக்கு எந்த இடத்தை எடுத்தார்கள் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவோடு போன எக்ஸ்ரே அதே டப்பாவோடு திரும்பி வந்தாள். சோபாவைக் குப்பைவண்டியில் ஏற்றியிருந்தார்கள். சுவருக்கு வெளிர்பச்சை அடித்து, கெட்டில் இருந்த இடத்தில் வாசனைத் திரவம் புகைவிடும் கருவி ஒன்றை வைத்து, தரையில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். கதவில் ஓர் அறிவிப்பு: பேசக்கூடாது, சாப்பிடக்கூடாது, கைப்பேசி கூடாது.

“அப்ப உள்ள என்னதான் பண்றது?” என்று எக்ஸ்ரே கேட்டாள்.

“அமைதியா இருக்கணும்,” என்றான் சக்கரம். “அதுவும் தனித்தனியா.”

பயணிகள் சாப்பிடும் இடத்தில் சீருடையோடு உட்காரக்கூடாது என்று ஏற்கெனவே உத்தரவு இருந்தது. அதனால் ஆளாளுக்கு ஒரு மூலை தேடிக்கொண்டார்கள். எக்ஸ்ரே அவசரக் கதவுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். பெட்டியக்கா கவுண்டருக்குக் கீழே டப்பாவை வைத்துக்கொண்டு, ஆள் வராத நேரம் பார்த்துக் குனிந்து குனிந்து சாப்பிட்டாள். சக்கரம் எங்கே சாப்பிட்டான் என்று அவளுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. எதிரே வந்தால் தலையை ஆட்டுவான், இவளும் ஆட்டுவாள். அவன் கையில் எப்போதும் ஒரு நாற்காலி, அதில் ஒரு பயணி. நின்று பேசினால் புகார் போகும்.

முதல் மூச்சு வகுப்பு, காலை ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் வேளையில் நடந்தது. வேலை நேரத்தில் மனசை லேசாக்க அனுமதி இல்லை. பயிற்சி கொடுக்க வந்தவர் மெல்லிய குரலும் களைத்த கண்களும் உள்ள பெண்மணி. வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அவருக்கு மூச்சம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

“கண்ணை மூடிக்குங்க. மூச்சு உள்ள போறதைக் கவனிங்க. வெளிய வர்றதைக் கவனிங்க. வேற எதையும் மாத்த முயற்சி பண்ணவேண்டாம்.”

மாற்ற வேண்டாமாம். இதைச் சொல்ல வெளியிலிருந்து ஆள் வரவேண்டுமா, இந்த நிர்வாகம் இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபடி பெட்டியக்கா கண்ணை மூடினாள். விடியுமுன்பே எழுந்தவள். மெத்தை மெத்தென்று இருந்தது. முதல் மூச்சு உள்ளே போனது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அது வெளியே வந்ததா என்று தெரியாது. சுவரில் சாய்ந்து, தலை ஒருபக்கம் சரிய, வாய் லேசாகத் திறந்து, அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டாள்.

பல்லு சார் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தபோது கவுண்டருக்குப் பின்னால் அவளே ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தாள். கண் மூடியிருந்தது, முகத்தில் ஏதோ வெளிச்சம் கூட்டியிருந்தார்கள், திறந்த வாயைக் கணினியில் மூடியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், ‘அமைதி இங்கிருந்து தொடங்குகிறது.’ அதே படம் ஊழியர் நுழைவாயிலிலும் கழிவறைக்குப் போகும் வழியிலும் இருந்தது.

அன்றைக்கு முதலில் வந்த ஆளுக்கு இரண்டு பெட்டி வரவில்லை. அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “நல்லாத் தூங்கு தாயே,” என்றான். “ஊரான் பெட்டி போனா உனக்கென்ன?”

“உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

“பார்த்தாலே தெரியுது நீ எப்படி வருந்துறேன்னு.”

ஒரு விதத்தில் மொத்த விமான நிலையத்தில் அந்தப் படத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன்தான். வகுப்பில் தூங்கினேன் என்று சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள்.

வீட்டில் படத்தைக் கைப்பேசியில் பார்த்த கணவர், ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர், எதையும் உற்றுப் பார்த்துத்தான் சொல்வார். “தூங்கிட்டிருந்தியா?” என்றார்.

“வேற என்ன.”

“கம்ப்ரஸர் சூடாகி நின்னுபோனா, வெளியில இருக்கிறவனுக்கு ஃப்ரிட்ஜ் சத்தமில்லாம நல்லா ஓடுற மாதிரிதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவருக்கு எல்லா உவமையும் ஃப்ரிட்ஜிலிருந்துதான் வரும். பல சமயம் எரிச்சலாக இருக்கும். அன்றைக்கு எரிச்சல் வரவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்று நடந்தது. கல்லூரிக்குப் போகும் மகள் சாயங்காலம் வந்து சமையலறை வாசலில் நின்றாள். நெருங்கிய தோழி ஏதோ முகத்தில் அடித்தமாதிரி பேசிவிட்டாளாம், இனி பேசப்போவதில்லையாம், நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். சொல்லும்போதே குரல் கம்மியது. பெட்டியக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே அவள் வாயிலிருந்து வந்தது அந்த வாக்கியம்.

“உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

கேலிக்குச் சொன்னதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அப்படி இல்லை. தானாக வந்தது, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கவுண்டரில் வருவதுபோலவே. மகள் கொஞ்ச நேரம் அம்மாவின் முதுகையே பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயை மூடியபிறகுதான் தான் சொன்னது பெட்டியக்காவுக்கு உறைத்தது. போய்க் கதவைத் தட்டினாள். “தூங்கறேன்மா,” என்று பதில் வந்தது. பொய் என்று தெரிந்தும் திரும்பி வந்துவிட்டாள். அதற்குமேல் பேச அவளிடம் சரக்கு இல்லை.

பழைய அறை இருந்திருந்தால் மறுநாள் இதை அங்கே போட்டு உடைத்திருப்பாள். எக்ஸ்ரே ஏதாவது திட்டியிருப்பாள், சக்கரம் ஏதாவது செய்து காட்டியிருப்பான். இப்போது அதையும் விழுங்கிக்கொண்டு குனிந்து சாப்பிட்டாள்.

சக்கரம் ஒருநாள் மத்தியானம் ஒரு பெரியவரை வாயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனான். வழியில் அவர் காலைச் சரியாக வைப்பதற்காகக் குனிந்து தூக்கினான். அவர், “மெதுவாப்பா, மெதுவா, வலிக்குது,” என்றார். அவ்வளவுதான். சக்கரம் நாற்காலியைச் சுவரோரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, பிரேக் நன்றாக விழுந்திருக்கிறதா என்று அசைத்தும் பார்த்துவிட்டு, திரும்பி நடந்தான். பெரியவர் ஆள் வருவான் என்று காத்திருந்தார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. விமானம் போய்விட்டது.

அமைதி அறையில் யாரோ அழுகிறார்கள் என்று துப்புரவு செய்யும் பெண் வந்து சொன்னாள். எக்ஸ்ரே ஓடினாள், போகிற வழியில் கவுண்டரைத் தட்டி, “அக்கா, வாங்க,” என்றாள். பெட்டியக்கா முன்னால் நின்ற ஆளிடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

சக்கரம் செருப்பைக் கழற்றாமல் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தான். முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து வரும் அழுகை. கதவோரம் பல்லு சார் நின்றிருந்தார். “கொஞ்சம் சத்தம் குறைங்க, ப்ளீஸ். இது அமைதி அறை,” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது பெட்டியக்கா திரும்பிப் பார்த்தாள். அவர் கைப்பேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

“என்னடா ஆச்சு?” என்றாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து.

அவன் முட்டியிலிருந்து முகத்தை எடுத்தான். பிறகு, “அப்பா போயிட்டாருக்கா,” என்றான்.

“எப்ப? இன்னைக்கா?”

“போன மாசம்.”

போன மாதம். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எதிரே எதிரே வந்தவன், தலையை ஆட்டிவிட்டுப் போனவன். விடுப்பு எடுத்தான், கொடுத்த நாள் முடிந்ததும் வந்தான், வந்த அன்றே யாரையோ உட்காரவைத்துத் தள்ளினான். இந்தப் பெரிய கட்டடத்தில், எல்லோருடைய வருகையையும் புறப்பாட்டையும் திரைபோட்டுக் காட்டும் இடத்தில், ஒருத்தருக்கும் தெரியாது.

“ஏன்டா சொல்லல?” என்று எக்ஸ்ரே கேட்டாள். அவள் குரல் கோபமாக இருந்தது.

“எங்க வெச்சுச் சொல்றது?” என்றான் சக்கரம். “நடந்துக்கிட்டே சொல்ற விஷயமா அது?”

பெட்டியக்கா அவன் தோளில் கை போட்டுக்கொண்டாள். மூச்சைக் கவனி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. அது அவனிடம் அப்போது இல்லை.

சாயங்காலத்துக்குள் சக்கரத்தை விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். மனநலத்தில் அவ்வளவு அக்கறை உள்ள நிர்வாகம், மனசு உடைந்தவனைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப ஒரு பொழுதுகூட யோசிக்கவில்லை. அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளும்போது பல்லு சார், “அமைதி அறை உங்களுக்கு எப்பவும் திறந்திருக்கும்,” என்றார். அட்டை இல்லாமல் கட்டடத்துக்குள்ளேயே நுழைய முடியாது என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் பெட்டியக்காவும் எக்ஸ்ரேயும் அவன் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டாள். ஏன் கூட்டிக்கொண்டு போகத் தோன்றியது என்று அவளுக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது. சக்கரத்தின் வீடு ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும். அப்பாவின் கட்டில் அப்படியே இருந்தது. அதில் உட்காராமல் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். கொண்டுபோன சாப்பாட்டைப் பிரித்தார்கள்.

“காலையில எழுந்ததும் கை கட்டிலுக்குப் போவுதுக்கா,” என்றான். “தூக்கி உட்காரவெக்க. தினமும் மெதுவாடா மெதுவாடான்னு கத்துவாரு. எனக்கு எரிச்சலா வரும். விமான நிலையத்துல தள்ளி, வீட்டுலயும் தூக்கி, எப்படா விடிவுன்னு இருக்கும். இப்ப விடிஞ்சுடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியல.”

யாரும் தேறுதல் சொல்லவில்லை. எக்ஸ்ரே, “அந்தப் பல்லு சாரைக் கதிர் இயந்திரத்துல ஏத்திப் பார்க்கணும். உள்ள ஒண்ணும் இருக்காது. பல்லு மட்டும் தெரியும்,” என்றாள். சக்கரத்துக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் மறுபடி அழுகை வந்தது. இரண்டையும் யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் மகள், “அம்மா, அன்னைக்கு நான் வந்து பேசினேனே,” என்றாள்.

“ஞாபகம் இருக்கு. தப்பாப் பேசிட்டேன். இப்பச் சொல்லு, முழுசாக் கேக்கறேன்.”

இறங்கவேண்டிய நிறுத்தம் வரும்வரை மகள் சொன்னாள்.

விமானத்தைத் தவறவிட்ட பெரியவருடைய பெட்டி, ஆள் ஏறாததால் இறக்கப்பட்டு அவளுடைய கவுண்டருக்கு வந்திருந்தது. அதை வாங்க அவரே மகனோடு வந்தார். புகார் கொடுத்தது அந்த மகன்தான். வந்ததும் வராததுமாக அவன் குரலை உயர்த்தினான். பெரியவர் அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பெட்டியக்காவிடம், “அந்தத் தம்பி எங்கம்மா?” என்று கேட்டார்.

“வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க ஐயா.”

“எதுக்கு?”

“உங்களை விட்டுட்டுப் போனதுக்கு.”

“அவன் அழுதுகிட்டே போனாம்மா. போறப்பவும் பிரேக் போட்டுட்டு, அசைச்சுப் பார்த்துட்டுத்தான் போனான். எனக்கு விமானம்தான் போச்சு. அடுத்த வாரம் இன்னொண்ணு இருக்கு. அவனுக்கு என்ன போச்சு?”

பெட்டியக்கா சொன்னாள். பெரியவர் கேட்டுவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். மகன் கொஞ்ச நேரம் பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, “புகாரை எங்க போய்த் திரும்ப வாங்கணும்?” என்று கேட்டான்.

புகாரைத் திரும்ப வாங்கியும் விசாரணை நிற்கவில்லை. தலைமையகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதுவரை எதையும் கிளறவேண்டாம் என்று பல்லு சார் நினைத்தார். அமைதித் திட்டத்தின் வெற்றியைப் பார்க்க அவர்கள் வருகிறார்களாம். படத்தில் இருப்பவள் என்பதால் பெட்டியக்கா அவர்கள் முன்னால் பேசவேண்டுமாம். என்ன பேசவேண்டும் என்பதை அவரே எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். முதல் வரி, ‘என் வாழ்க்கை இந்த அறையில்தான் மாறியது.’

“உண்மைதான் சார்,” என்று அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முன்னால் மூச்சம்மா அவளைத் தேடிக் கவுண்டருக்கு வந்தார். “உங்க படத்தை இப்படிப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றார். “நீங்க தூங்கினது எனக்குத் தெரியும். எழுப்ப மனசு வரல.”

“அந்த மட்டும் நல்லது பண்ணீங்க.”

“உங்க அறையை எடுக்கச் சொல்லியும் நான் சொல்லல. ஒரு காலி இடம் கேட்டேன். காலியா இருந்ததுன்னாங்க.”

பெட்டியக்கா அவரை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். அந்த அம்மாள் அன்று காலையில் இன்னும் எத்தனை இடங்களில் எத்தனை பேரின் மூச்சைக் கவனிக்கவைத்துவிட்டு வந்தாரோ, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

“நீங்க சொல்லிக்கொடுத்ததுல தப்பில்லம்மா,” என்றாள். “ஆள் கத்தும்போது காலைத் தரையில அழுத்திக்கோன்னு ரெண்டாவது வகுப்புல சொன்னீங்களே, அதைச் செஞ்சு பார்த்தேன். ஓரளவு கேக்குது. ஆனா மூச்சு விட எங்களுக்குத் தெரியும். விட நேரமும் இடமும்தான் இல்ல. உங்க பாடத்தை அவங்களுக்கு எடுங்க.”

“எடுக்கலாம்னு கேட்டுப் பார்த்தேன்,” என்றார் மூச்சம்மா. “அவங்களுக்கு நேரமில்லையாம்.”

இருவரும் ஒன்றாகச் சிரித்துவிட்டார்கள்.

தலைமையகத்து அதிகாரிகள் வெளிர்பச்சைச் சுவருக்கு முன்னால் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றவேண்டியிருக்கவில்லை. நடுவில் இருந்த அம்மையார் பெட்டியக்காவைப் பார்த்து, “படத்துல இருக்கிறது நீங்கதானே. எவ்வளவு நிம்மதியா இருக்கீங்க,” என்றார்.

“தூங்கிட்டிருந்தேன் அம்மா,” என்றாள் பெட்டியக்கா.

பல்லு சார், “ஆழ்ந்த நிலை, தூக்கம் மாதிரியே,” என்று இடையில் புகுந்தார்.

“மாதிரி இல்ல சார், தூக்கமேதான். வாய் திறந்திருந்தது. நீங்கதான் மூடவெச்சீங்க.” அவள் காலைத் தரையில் அழுத்திக்கொண்டாள். “நீங்க உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துல ஒரு கிழிஞ்ச சோபா இருந்துச்சு. நாங்க சாப்பிடுவோம். உங்களையும் பயணிங்களையும் திட்டுவோம். சிரிப்போம். யாருக்கு வீட்டுல என்னன்னு எங்களுக்குத் தெரியும். அதை எடுத்துட்டுத்தான் அமைதி வெச்சீங்க. சக்கர நாற்காலி தள்ளுற ஒருத்தனுக்கு அப்பா செத்துப்போய் ஒரு மாசமா யாருக்கும் தெரியல. அவன் இங்க வந்து அழுதான். சத்தம் போடாதேன்னாங்க. வேலையை விட்டு நிறுத்தினாங்க.”



“இப்ப உங்களுக்கு என்ன வேணும்?” என்று அம்மையார் கேட்டார்.

“அவனைத் திருப்பி எடுக்கணும். அறையைத் திருப்பித் தரணும். கவுண்டருக்கு இன்னொரு ஆள் வேணும். என் படத்தைக் கழற்றணும்.”

“இவங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க,” என்றார் பல்லு சார்.

“ஆமா சார். அதுக்குத்தானே கூப்பிட்டீங்க.”

கதவோரம் நின்ற எக்ஸ்ரே வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சம்மா எழுந்து நின்று, கேட்காமலே, “அவங்க சொல்றது சரி,” என்றார். அவருடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் கிடைப்பதுமில்லை. சக்கரத்தைத் திருப்பி எடுத்தார்கள். ஆனால் நாற்காலி தள்ளுவதிலிருந்து மாற்றி, தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கொண்டுவரும் வேலையில் போட்டார்கள். தண்டனை என்று நினைத்துத்தான் போட்டார்கள். அவன், “வண்டி வலிக்குதுன்னு சொல்லாதுக்கா,” என்று அங்கேயே இருந்துகொண்டான். படத்தைக் கழற்றினார்கள். கவுண்டருக்கு இரண்டாவது ஆள் இன்றுவரை வரவில்லை.

அறை திரும்பி வந்தது, ஆனால் திரும்பி வந்ததாக ஒப்புக்கொள்ளாமல். ‘சகஊழியர் பரஸ்பர ஆதரவு மையம்’ என்று புதுப்பலகை மாட்டி, நாடா கட்டி, தலைமையகத்து அம்மையாரைக் கொண்டே வெட்டவைத்தார்கள். பல்லு சார் தன் பேச்சில், மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் மனச்சோர்வு குறைகிறது என்பதைத் தன்னுடைய குழு நீண்ட ஆய்வுக்குப் பிறகு கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். கைதட்டினார்கள். பெட்டியக்கா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அமெரிக்காவைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட இவ்வளவு முகமலர்ச்சி இருந்திருக்காது என்று எக்ஸ்ரே காதோடு சொன்னாள்.

நாடா வெட்டியவர்கள் போனதும் ஆட்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதல்நாள் பேச்சே கிளம்பவில்லை. இத்தனை நாள் தனித்தனி மூலையில் சாப்பிட்டுப் பழகியவர்கள், ஒருவர் டப்பாவை ஒருவர் பார்ப்பதற்கே கூச்சப்பட்டார்கள். பிறகு சாமான் ஏற்றுகிறவர் ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன் என்று ஆரம்பித்தார். அடுத்தவர் தன் முதுகுவலியைச் சொன்னார். அதற்கு அடுத்த வாரம் கூச்சல் தாங்க முடியவில்லை. பயணி ஒருவர் ரொம்பவும் எகிறினால், பக்கத்தில் போகிறவர் யாராக இருந்தாலும், “அக்கா, உங்களுக்கு உள்ள போன்,” என்று சொல்லி அவளை எழுப்பிவிட்டுத் தானே அங்கே நின்று வாங்கிக்கொள்வது என்று பேசிவைத்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த ஆள்குறைப்பு மேலிருந்து வந்தபோது அது நல மேலாளர்களைத்தான் தொட்டது. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு பல்லு சார் நின்றார். வாய் மூடியிருந்ததால் முதலில் சிலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை.

“கொஞ்ச நேரம் இங்க உட்காரலாமா?” என்றார்.

சக்கரம் பெட்டியக்காவைப் பார்த்தான். எக்ஸ்ரே சுவரைப் பார்த்தாள். பெட்டியக்காவுக்கு நாக்கு நுனிவரை நிறைய வந்தது. அவளிடம் அதற்கெல்லாம் நியாயமும் இருந்தது.

“கதவைச் சாத்திட்டு வாங்க,” என்றாள். காலியாக இருந்த நாற்காலியைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டாள்.

அவர் உட்கார்ந்தார். தலைமையகம் இப்படிச் செய்யும் என்று நினைக்கவில்லை என்றார், தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்றார், வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றார். யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை. வேளை வந்ததும் டப்பாக்களை மூடிக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள்.